அவள் அந்தக் கரையில், அட்டை இந்தக் கரையில்

வேலூர் பக்கம் வடுகன்தாங்கலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார், பட்டா, மார்க் ஷீட் என்று எதை நகல் எடுக்க வந்தாலும், கிளம்பும்போது "ஒரிஜினலை எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்காமல் யாரையும் அனுப்புவதில்லை. அப்படிப்பட்டவன் கடை டிராயரில் என் மனைவியின் தாய் சேய் நல அட்டை பதினோரு நாள் கிடந்தது. மகள் பிறந்த இரவைப் பற்றி யார் கேட்டாலும் நான் இந்த டிராயரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

2021 நவம்பர். தலைப்பிரசவம் என்பதால் வளைகாப்பு முடிந்த கையோடு மனைவியை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அம்மா வீடு விரிஞ்சிபுரம். வரைபடத்தில் பார்த்தால் எங்கள் ஊருக்கு நேர் எதிர்க்கரை. நடுவில் பாலாறு, அதன்மேல் ஒரு தரைப்பாலம். டீ ஆறுவதற்குள் போய் வந்துவிடலாம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு (மொத்தம் 18,000 ரூபாய், அதில் 14,000 பணம், மிச்சம் ஊட்டச்சத்துப் பெட்டகம்) வங்கிப் புத்தகத்தோடு அட்டையின் நகலும் வேண்டும் என்று மாமனார் ஒரு சாயங்காலம் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். கடையில் கூட்டம். "வெச்சுட்டுப் போங்க மாமா, நாளைக்கு நானே எடுத்துட்டு வர்றேன்" என்றேன்.

அந்த நாளைக்கு வரவில்லை. இரண்டு நாளில் ஆறு வந்தது.

பாலாற்றில் மணலையும் மணல் லாரியையும் பார்த்தே வளர்ந்த தலைமுறை நாங்கள். 1903-இல் வாணியம்பாடியை வாரிக்கொண்டு போன வெள்ளம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டதோடு சரி. அந்த நவம்பரில் கரையிலிருந்து கரைவரை செம்மண் நிறத்தில் தண்ணீர் போனதைப் பார்க்க ஊரே திரண்டு நின்றது. நானும் நின்றேன், போட்டோவும் எடுத்தேன். விரிஞ்சிபுரம் தரைப்பாலம் சேதமாகிப் போக்குவரத்து நின்றது. அதற்கப்புறம் மாமியார் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் லத்தேரி, காட்பாடி, வேலூர் என்று முழு வட்டம் அடிக்க வேண்டும். பிரசவத் தேதி டிசம்பர் 18. அவசரம் ஒன்றுமில்லை, ஞாயிற்றுக்கிழமை சுற்றிக்கொண்டு வருகிறேன் என்றேன். சொன்னபடி ஞாயிற்றுக்கிழமைதான் போனேன், நள்ளிரவு தாண்டி.

நவம்பர் 27, சனிக்கிழமை. மத்தியானம் இரண்டு மணியிலிருந்து அவளுக்கு இடுப்பில் வலி விட்டுவிட்டு வந்திருக்கிறது. 37 வாரம்தானே, சூட்டு வலியாக இருக்கும் என்று அத்தை சீரகத் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொடுத்து, இடுப்புக்கு வெந்நீர் ஊற்றிவிட்டிருக்கிறார். ராத்திரி ஒன்பது மணிக்கு என்னோடு போனில் பேசினாள். நடுவில் இரண்டு தடவை பேச்சு நின்றது. "சிக்னல் சரியில்ல, வெளிய வந்து பேசு" என்று நான் சொன்னேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. வலி வந்தபோது அவளால் பேச முடியவில்லை, அவ்வளவுதான். கர்ப்பிணி மனைவியோடு போனில் பேசுகிற ஆண்கள் யாராவது இதைப் படித்தால், அந்த மௌனத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை பேச்சு நிற்கிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். சூட்டு வலி என்றால் நேரங்காலம் இல்லாமல் வரும், கொஞ்சம் நடந்தாலோ படுத்தாலோ அடங்கிப்போகும். பிரசவ வலி அப்படி அடங்காது. இடைவெளி குறைந்துகொண்டே வரும், வலி நீடிக்கிற நேரம் கூடிக்கொண்டே போகும். இதை மறுநாள் ஒரு செவிலியர் எனக்குச் சொன்னார். முந்தின நாளே தெரிந்திருந்தால் அத்தையின் சீரகத் தண்ணீருக்கு அவ்வளவு வேலை இருந்திருக்காது.

பதினொன்று பத்துக்குப் பனிக்குடம் உடைந்தது. அந்த நேரம்கூட என் மச்சினிச்சி போனில் யாரையோ கூப்பிட்டிருந்ததால் பின்னால் தெரிந்ததுதான். அத்தை என்ன செய்தார்? தரையைத் துடைத்தார், மகளுக்கு வேறு புடவை கட்டிவிட்டார், நனைந்த புடவையை பக்கெட்டில் ஊறப் போட்டார். சுத்தமான மனுஷி. 108-க்கு மச்சினிச்சிதான் அடித்தாள். வண்டியில் வந்தவர் கேட்ட முதல் கேள்வி: "தண்ணி எப்ப போச்சு, என்ன கலர்ல போச்சு?" மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு ஒரு காரணம் உண்டு. பனிக்குட நீர் தெளிவாகவோ லேசான வைக்கோல் நிறத்திலோ இருந்தால் பயமில்லை. பச்சையாக இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று அர்த்தம். அது மூச்சுக்குள் போய்விடக் கூடாது, அதனால் குழந்தைகள் மருத்துவரைத் தயாராக வைப்பார்கள். குடம் உடைந்து நேரமாக ஆகத் தொற்று வரும் ஆபத்தும் கூடும் என்பதால் நேரமும் வேண்டும். ஆகவே தயவுசெய்து புடவையை உடனே பக்கெட்டில் போட வேண்டாம். நிறத்தைப் பார்த்து, மணியைப் பார்த்து, யாராவது ஒருவர் எழுதி வையுங்கள். வெளுத்த துணி ஒன்றை வைத்துக்கொண்டு, அடுத்து கசிவதன் நிறத்தையும் பாருங்கள். வண்டிக்காரர் அப்படித்தான் பார்த்தார். எங்களுக்குத் தெளிவாகவே இருந்தது.

எனக்கு போன் வந்தபோது பதினொன்றே முக்கால். "மாப்ள, எங்க கீறீங்க? அட்டை கேக்கறாங்க" என்றார் அத்தை. மகளுக்கு வலி எடுத்துவிட்டது என்றுகூடச் சொல்லவில்லை. அட்டை என்ற சொல்லிலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

கடை ஷட்டரைத் தூக்கினேன். மழை தூறிக்கொண்டிருந்தது, கரண்ட் இல்லை. செல்போன் வெளிச்சத்தில் டிராயரைக் கொட்டி அட்டையை எடுத்து, பாலித்தீன் பையில் சுற்றிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வண்டியை எடுத்தேன். லத்தேரி தாண்டும்போது மறுபடி போன். வண்டியை ஓரம் கட்டினேன். இந்தமுறை மச்சினிச்சி. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் பக்கம் நேராக நெடுஞ்சாலை, எனக்குத்தான் சுற்று. "மாமா, ஏழாம் மாச ஊசி போட்டாச்சான்னு கேக்கறாங்க. பிக்மி நம்பர் கேக்கறாங்க." பிக்மி என்பது கர்ப்பத்தை அரசிடம் பதிந்ததற்கான எண்.

அவளுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம். எனக்கு பாசிட்டிவ். இந்த ஜோடி அமைந்தால் குழந்தை பாசிட்டிவ்வாகப் பிறக்க வாய்ப்பு உண்டு. குழந்தையின் ரத்தம் தாயின் ரத்தத்தில் கலந்தால் தாயின் உடம்பு அதைத் தாக்கும் எதிர்ப்பொருள்களை உண்டாக்கிவிடும். முதல் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, அடுத்த பிள்ளையைத்தான் அது தாக்கும். அதைத் தடுக்கத்தான் ஆன்டி-டி ஊசி. 28-ஆம் வாரம் ஒன்று, குழந்தை பாசிட்டிவ் என்று தெரிந்தால் பிறந்து 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. 28-ஆம் வார ஊசி போட்ட தேதி அட்டையில் இருக்கிறது. அட்டை என் சட்டைக்குள் இருக்கிறது. நானோ லத்தேரிக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில்.

"படம் எடுத்து அனுப்புங்க மாமா" என்றாள் அந்தப் பெண். பிளஸ் டூ படிக்கிறவள்.

புளியமரத்தடியில் அட்டையை விரித்து, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நான்கு நிமிஷம் ஆனது. இதே நான்கு நிமிஷத்தைப் பதினோரு நாளில் எந்த நாளும் செலவழித்திருக்கலாம். ஊருக்கெல்லாம் ஸ்கேன் போட்டுக் கொடுக்கிறவனுக்கு அது தோன்றவில்லை. அட்டை எனக்கு முன்னாலேயே பாலாற்றைத் தாண்டிப் போய்விட்டது. வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் இப்போதே எழுந்து போய் அட்டையின் எல்லாப் பக்கத்தையும், கடைசி ஸ்கேன் அறிக்கையையும் படம் எடுத்து மூன்று பேர் போனில் போட்டு வையுங்கள். மூன்றில் ஒன்று அவளோடு வண்டியில் ஏறப்போகிற ஆளின் போனாக இருக்கட்டும். அட்டை அவள் தலைமாட்டை விட்டு எங்கேயும் போக வேண்டாம், கணவன் கடைக்கும்கூட.

காட்பாடி வந்து, விருதம்பட்டு தாண்டி, பாலாற்றுப் பாலத்தில் ஏறினேன். வெள்ளம் வடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தாலும் தண்ணீர் சத்தம் கேட்டது. இருட்டில் ஆறு கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும். விரிஞ்சிபுரத்து சாமிக்கு மார்க்கபந்தீஸ்வரர் என்று பெயர், தமிழில் வழித்துணைநாதர். கார்த்திகைக் கடைசி ஞாயிறு நள்ளிரவில் பிள்ளை வரம் கேட்கிற பெண்கள் அந்தக் கோவில் சிம்மக்குளத்தில் முழுகி, ஈரப் புடவையோடு படுத்துக் கிடப்பார்கள். இரண்டு வருஷம் முன்னால் அத்தை இவளையும் கூட்டிப்போய் முழுகவைத்தார். நான் அப்போது சிரித்தேன். பாலத்தின் நடுவில் எனக்கு அந்தப் பெயர்தான் வாயில் வந்தது. பயத்தில் வந்ததா பக்தியில் வந்ததா என்று பிரித்துப் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

ஒன்று இருபதுக்கு ஆஸ்பத்திரி வாசல். அத்தை உள்ளே பிரசவத் துணையாக நின்றிருந்தார். ஒரு பெண் துணையை உள்ளே விடுகிறார்கள், அது பெரிய ஆறுதல். யார் நிற்பது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள், ரத்தத்தைப் பார்த்தால் மயங்குகிற ஆள் வேண்டாம். எனக்கு வெளியே சிமெண்டுத் திண்ணை. என்னை மாதிரி ஏழெட்டு ஆண்கள். ஒருவருக்கும் அடுத்தவர் பெயர் தெரியாது, ஆனால் யாருடைய மனைவிக்கு எத்தனை மணிக்கு வலி வந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது ஐடா ஸ்கடர் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கம் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் எல்லோரும் கேட்ட கதைதான். திண்டிவனத்தில் ஓர் இரவில் மூன்று வீட்டு ஆண்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவத்தில் தவிக்கிற மனைவியைப் பார்க்க வரும்படி அந்தச் சின்னப் பெண்ணைக் கூப்பிடுகிறார்கள். அவள் மருத்துவர் இல்லை, அவளுடைய அப்பாதான் மருத்துவர். ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போகிறார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோகிறார்கள். அந்தப் பெண் அமெரிக்கா போய்ப் படித்து, 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு மருத்துவமனை தொடங்குகிறாள். அதுதான் பிறகு சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆயிற்று. கதையை எப்போது சொன்னாலும் ஐடா பக்கமிருந்தே சொல்வார்கள். அன்று எனக்கு அந்த மூன்று கணவன்மார்தான் கண்ணுக்குள் நின்றார்கள். கதவைத் தட்டிவிட்டு, வேண்டாம் என்று திரும்பி நடந்தார்களே, அந்த நடை. வைராக்கியம் என்று பள்ளியில் நினைத்திருந்தேன். அட்டையை டிராயரில் போட்டு மறந்தவனுக்கு அவர்களைத் திட்ட வாய் வரவில்லை.

இரண்டு மணிக்கு ஒரு மருத்துவர் வெளியே வந்து, ரத்த வங்கியில் ஓ நெகட்டிவ் ஒரு யூனிட்தான் இருக்கிறது, இன்னொன்றுக்கு ஆள் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஓ நெகட்டிவ்காரர்களுக்கு ஓ நெகட்டிவ் மட்டும்தான் சேரும். ஐந்தாம் மாதத்திலேயே எங்கள் ஊர் நர்ஸம்மா, இதே ரத்தம் இருக்கிற இரண்டு பேர் நம்பரை வாங்கி வைத்துக்கொள் தம்பி என்று சொன்னவர்தான். சரிம்மா என்றேன். அந்தச் சரியோடு விட்டுவிட்டேன்.

அப்புறம் நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். "அவசரம், ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை, பிரசவம், உதவவும்" என்று எழுதி என் நம்பரைப் போட்டு இருக்கிற குழுக்களில் எல்லாம் தள்ளினேன். ஊர் பெயர் இல்லை, ஆஸ்பத்திரி பெயர் இல்லை, தேதி இல்லை. பத்து நிமிஷத்தில் திருப்பூரிலிருந்து ஒருவர் அழைத்தார், அப்புறம் கடலூரிலிருந்து. நல்ல மனசுக்காரர்கள், நடு ராத்திரியில் எழுந்து அழைத்தவர்கள், நான்தான் அவர்கள் தூக்கத்தைக் கெடுத்தேன். அடுத்த மார்ச் மாதம்வரை அந்தச் செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. மகளுக்கு நான்கு மாதம் ஆகும்வரைகூட "அண்ணா, இன்னும் ரத்தம் வேணுமா?" என்று போன் வந்தது. எழுதினால் ஊர், ஆஸ்பத்திரி, தேதி, மணி, எத்தனை யூனிட், யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதுங்கள். கிடைத்ததும், கிடைத்துவிட்டது என்று அதே குழுக்களில் போடுங்கள்.

கடைசியில் ஆளைப் பிடித்துக் கொடுத்தது வாட்ஸ்அப் இல்லை, திண்ணையில் பக்கத்தில் இருந்த ஆட்டோக்காரர். "இன்னாபா, நெகட்டிவா? எங்க தெருவுல ஒரு காலேஜ் பையன் கீறான், ரெண்டு வாட்டி குட்த்துகீறான்" என்று போன் போட்டார். மூன்றரைக்குக் காட்பாடியிலிருந்து அந்தப் பையன் ஹெல்மெட்டோடு வந்து நின்றான். பரிசோதனை முடித்து ரத்தம் கொடுத்துவிட்டு, நான் வாங்கிக்கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டே, எட்டு மணிக்கு ஊருக்கு ரயில் என்றான். என்னால் நன்றிகூட ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை.

நான்கு பத்துக்கு மகள் பிறந்தாள். சத்தம் எனக்குக் கேட்கவில்லை. எல்லா அப்பாக்களும் முதல் அழுகையைக் கேட்டேன் என்று சொல்கிறார்கள். நான் அப்போது ரத்த வங்கி ஜன்னலில் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பிறந்த பிறகு ரத்தப்போக்கு கொஞ்சம் அதிகமானதால் முதலில் இருந்த யூனிட்டை ஏற்றினார்கள். அடங்கியது. அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. எழுத வரவில்லை.

எடை 2 கிலோ 400. இரண்டரைக்குக் கீழே என்பதால் குழந்தையைத் துணியில்லாமல் அம்மாவின் மார்மேலேயே போட்டு, மேலே போர்த்தி வைத்தார்கள். அந்தச் சூடுதான் நல்லது, மேசைமேல் படுக்கவைப்பதை விட என்றார் செவிலியர். விடிந்ததும் என் பெரியம்மா சர்க்கரைத் தண்ணீரும் தங்க மோதிரமுமாக வந்து சேர்ந்தார், சேனை வைக்க. செவிலியர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். சண்டை வரும் போலிருந்தது. "பெரியம்மா, மோதிரத்த கைல போட்டு விடலாம், வாய்ல வேணாம்" என்று அத்தை முடித்துவைத்தார். முதலில் மஞ்சளாக, பிசுபிசுப்பாகக் கொஞ்சமே வருகிற சீம்பால்தான் அந்தப் பிள்ளைக்கு முதல் தடுப்பு மருந்து, ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டு வாரத்தில் தெருவில் கழுதைப்பால்காரர் வந்தார், ஒரு சங்கு கொடுத்தால் பிள்ளைக்கு எந்த நோயும் அண்டாது என்று. கழுதை அழகாக இருந்தது. பால் வாங்கவில்லை.

தொப்புள்கொடி ரத்தத்தில் பார்த்தார்கள். குழந்தை ஓ பாசிட்டிவ். மறுநாளே ஆன்டி-டி போட்டுவிட்டார்கள். 72 மணி என்பது கேட்க நிறைய நேரம் மாதிரி இருக்கும். சொந்தக்காரர் கூட்டத்திலும் இனிப்பிலும் அது எப்படிப் போகிறது என்றே தெரியாது, ஆகவே நீங்களே கேளுங்கள். பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைட்டிஸ் பி மூன்றும் வீட்டுக்கு அனுப்புமுன் போட்டார்கள். திங்கட்கிழமை விடியற்காலை வேலூர் பக்கம் நிலநடுக்கம், அளவு 3.6 என்று செய்தி. வெள்ளத்துக்கு அப்புறம் இது ஒன்றுதான் பாக்கி என்று வார்டில் பேசிச் சிரித்தார்கள். குலுங்கியதை உணர்ந்தவர் யாருமில்லை, எல்லோரும் பிள்ளைகளைத் தட்டிக்கொண்டிருந்தோம்.

பிறப்புச் சான்றிதழ் என் தொழில் சம்பந்தப்பட்டது, அதனால் ஒன்று. பெயர் முடிவாகவில்லையென்றால் அவசரப்பட்டு வாய்க்கு வந்ததை எழுதாதீர்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் போதும், பெயரை ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். தப்பாக எழுதிய பெயரைத் திருத்த அலைகிறவர்கள்தான் என் கடைக்கு அதிகம் வருகிறார்கள். அப்பா பெயரின் முதலெழுத்து, அம்மா பெயர், எழுத்துக்கூட்டல் எல்லாம் ஆதாரில் இருக்கிறபடியே இருக்கட்டும். பாலாற்று வெள்ளத்தில் பிறந்தவள் என்று பாலா என்று வைக்கச் சொல்லி ஊரில் பாதிப் பேர் யோசனை சொன்னார்கள். வேறு பெயர் வைத்தோம்.

இப்போது கடைக்கு யார் அந்த அட்டையோடு வந்தாலும் நகல் எடுக்கும் முன்னால், "படம் எடுத்து வெச்சிருக்கீங்களா? என்ன ரத்த வகை?" என்று கேட்டுவிடுகிறேன். போன மாதம் மருமகளின் அட்டையோடு வந்த ஒரு பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஜெராக்ஸ் போடுப்பா. நீ இன்னா டாக்டரா?" என்றார். போட்டுக் கொடுத்தேன். ஒரிஜினலை எடுத்துக்கொள்ள மறந்து நாலு எட்டு போய்விட்டார். ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.